கழற்றிய பிளக்கைக் காட்டுகிறவர்

கொல்கத்தாவில் நான் இருந்த ஐந்து வருடங்களில் நான் அதிகம் பயந்த வாசகம் ‘ஒரு விஷயம் சொல்லணும் தீதி’ என்பதுதான். காலை ஆறே முக்கால் மணிக்கு, சால்ட் லேக்கில் எட்டாம் நம்பர் தண்ணீர் டேங்குக்குக் கீழே, ஒரு வெள்ளை ஆம்னி வேனின் ஜன்னலிலிருந்து அது வரும். சொல்கிறவர் என் மகள் அபியைப் பள்ளிக்கு அழைத்துப்போகும் பூல் கார்க்காரர். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டாக ஏற்றிக்கொண்டு போகும் வேனுக்கு அந்த ஊரில் பூல் கார் என்று பெயர். பிள்ளைகள் அவரைக் காக்கு என்பார்கள், வங்காளத்தில் சித்தப்பா. நான் அண்ணா என்பேன். என் ஃபோனில் அவர் ‘பூல் கார்’ என்று மட்டும் இருந்தார்.

அவரும் தமிழர்தான். அப்பா விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கார்டன் ரீச்சுக்கு ரயில்வே வேலைக்கு வந்தவர். இவர் அங்கேயே பிறந்து, வங்காளப் பிள்ளைகளோடு வளர்ந்து, வீட்டுத் தமிழை மட்டும் கைவிடாமல் வைத்திருந்தார். அந்தத் தமிழுக்கு நடுவே ‘மானே’ என்று ஒரு வங்காள ‘அதாவது’ அடிக்கடி வந்து விழும். தமிழ்ப் பெண்ணான என்னையும் அக்கா, தங்கச்சி என்று சொல்ல வராமல் தீதி என்றுதான் அழைத்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான ஆள். நவம்பர் பிறந்தால் ஊரோடு சேர்ந்து அவர் கழுத்திலும் மஃப்ளர் ஏறிவிடும்.

அபி அவர் வேனில் சேர்ந்த முதல் மாதமே அந்த வாசகத்தைக் கேட்டேன். யாரை அடித்தாளோ, எங்கே விழுந்தாளோ என்று பதறிக்கொண்டு ஜன்னலுக்குப் போனால், அவர் மடியில் ஒரு செய்தித்தாள் துண்டு விரித்திருந்தது. அதில் மூன்று பழைய ஸ்பார்க் பிளக்குகள். இன்ஜினுக்குள் பொறி போட்டு எரிய வைக்கிற சாமான் என்பதற்கு மேல் அதைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. நேற்று ஞாயிற்றுக்கிழமை மூன்றையும் கழற்றிப் புதிது போட்டுவிட்டாராம். இரண்டு பிளக்கின் முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தது, அவை ஒழுங்காக எரிந்தவை. மூன்றாவது கரி பிடித்துக் கிடந்தது. அந்த சிலிண்டர் ஒரு வாரமாகவே சரியில்லை என்று தனக்குச் சந்தேகம் இருந்ததாகவும், இருந்தும் ஞாயிறு வரட்டும் என்று பிள்ளைகளை வைத்து ஓட்டிவிட்டதாகவும், அதைச் சொல்லிவிட வேண்டும் இல்லையா என்றும் சொன்னார்.

ஏழு மணிக்கு முன்னால் எந்த மனிதரோடும் பேச எனக்குத் தெம்பு இருந்ததில்லை. சரிண்ணா, சரிண்ணா என்று தலையாட்டிவிட்டு ஓடிவந்தேன். இதையே அவர் எட்டு வீட்டு வாசலிலும் எட்டுத் தடவை சொல்லி, எட்டு அம்மாக்களிடமும் அந்தக் கரிப் பிளக்கைக் காட்டினார் என்று பிறகு தெரிந்தது.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். கணவருக்கு விசாகப்பட்டினத்தில் வேலை. எனக்கு சால்ட் லேக்கிலேயே மத்திய அரசு அலுவலகம், அரசாங்கக் குவார்ட்டர்ஸில் மூன்றாம் மாடி. திருச்சியில் அப்பாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். அது முடிந்த ஒவ்வொரு முறையும் அம்மா ஃபோனில் அழுவாள், அழுது முடித்ததும் அண்ணியைப் பற்றிச் சொல்வாள். அலுவலகத்தில் இருவர் ஓய்வு பெற்று, அவர்கள் மேஜையில் இருந்ததெல்லாம் என் மேஜைக்கு வந்திருந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளையை எழுப்பி, பல் தேய்க்க வைத்து, இட்லியை வாயில் திணித்து, படியிறக்கி வேனில் ஏற்றிவிட்டால் அன்றைக்குப் பாதி ஆயுள் போன மாதிரி இருக்கும். அந்த நேரத்தில்தான் இவர் கவலையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

வண்டியைப் பற்றி மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். தன்னைப் பற்றியும் சொல்வார். வீட்டுக்காரிக்குக் காய்ச்சல், நான் நாலு மணி நேரம்தான் தூங்கினேன், இன்றைக்கு மெதுவாகத்தான் ஓட்டுவேன் என்பார். கண்ணாடி பவர் மாறியிருக்கிறது, சனிக்கிழமை டாக்டரைப் பார்க்கிறேன் என்பார். ஒருமுறை போக்குவரத்து சார்ஜெண்ட் நிறுத்தி, உள்ளே ஏழு பிள்ளைகளா என்று கேட்டதற்கு, இல்லை சார் எட்டு, ஒருத்தன் சீட்டுக்குப் பின்னால் குனிந்து விளையாடுகிறான் என்றாராம். அபராதம் கட்டிவிட்டு வந்தார். அபி அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தாள்.

ஒருநாள் சாயங்காலம் அபியை இறக்கிவிட்டவர், வண்டியை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். வண்டியை அணைத்தார் என்றால் விஷயம் பெரிது.

“இன்னிக்கு உங்க பிள்ளய ஒரு தடவ திட்டிட்டேன் தீதி. அவ ஒண்ணுமே பண்ணல. மானே, என் கோவம் வேற எடத்துல. அவ பக்கத்துல இருந்தா, அவ மேல விழுந்திருச்சு.”

அபியைக் கேட்டால், காக்கு திட்டியதே அவளுக்கு ஞாபகம் இல்லை. சாக்லெட் கொடுத்தார் என்பது மட்டும் ஞாபகம் இருந்தது. நானே அன்று காலை அவளைக் காரணமில்லாமல் இரண்டு தடவை திட்டியிருந்தேன். அதை யாரிடமும் போய்ச் சொல்லவில்லை.

இப்படி ஒன்று விடாமல் ஏன் சொல்கிறீர்கள் என்று ஒருமுறை எரிச்சலோடு கேட்டுவிட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. தெரிந்ததை உள்ளே வைத்துக்கொண்டு எப்படி வண்டி ஓட்டுவது, ராத்திரி தூக்கம் வராதே என்றார். அதுதான் விஷயம். அவர் எங்களிடம் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். அதைக் கேட்ட நான் கரி பிடித்த சிலிண்டரை நினைத்துக்கொண்டு விழித்துக் கிடந்தேன். உண்மை பேசுகிறவர்களின் சுமை எங்கே போகிறது என்று எனக்கு அப்போது தெரிந்தது.

ஆனால் அவர்மேல் எனக்குப் பிரியம் வந்ததும் பிளக்கால்தான். என்னிடம் ஒரு பழைய ஸ்கூட்டி இருந்தது. குளிர்காலத்தில் காலையில் இருபது உதை உதைத்தால்தான் கிளம்பும். பிளக்கை மாற்றிப் பாருங்கள் என்று அலுவலகத்தில் ஆளுக்கு ஆள் சொன்னார்கள். இவரிடம் சொன்னேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் என்னையும் அபியையும் வேனில் ஏற்றிக்கொண்டு மல்லிக் பஜாருக்குப் போனார். தெரு நெடுக வண்டிகளின் உள்ளுறுப்புகளைப் பிரித்துக் கடை போட்டிருக்கும் இடம் அது.

கடைக்காரர் மூன்று வகை எடுத்து வைத்தார். சாதாரணம் ஒன்று, அதற்கு மேல் ஒன்று, ஊசி மாதிரி மெல்லிய முனையோடு இரிடியம் என்று ஒன்று. எனக்கு நிற்க முடியவில்லை, நல்லதாக ஒன்றைக் கொடுத்து அனுப்பினால் போதும் என்றிருந்தது. உசத்தியானதையே கொடுங்கள் என்றேன். கடைக்காரர் அதை எடுத்து உறையில் போடப் போனார். இவர் தடுத்தார்.

“இது கெடுதல் இல்ல தீதி. ஆனா உங்க வண்டிக்குப் பிரயோஜனமும் இல்ல. கார்புரேட்டர்ல அழுக்கு இருக்கு. அதக் கழுவாம தங்கத்துலயே பிளக் பண்ணிப் போட்டாலும் நீங்க காலைல உதைக்கத்தான் வேணும்.”

கடைக்காரர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். இவர் அதைக் கவனிக்காமல், சாதாரண வகையில் நான்கைந்தை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தார். வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கிற நம்பர்தானா, மரை ஒரே சீராக ஓடுகிறதா, நடுக்கம்பி நடுவில்தான் இருக்கிறதா, வாஷர் இறுக்கமாக இருக்கிறதா. மரையின் நீளத்தைப் பழைய பிளக்கோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். நீளம் கூடினால் உள்ளே பிஸ்டன் வந்து இடித்துவிடும் என்றார். அப்படிப் பார்க்கும்போது ஒன்று கைதவறிச் சிமென்ட் தரையில் விழுந்தது. கடைக்காரர் அலமாரிப் பக்கம் திரும்பியிருந்தார், நான் அபியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். யாரும் பார்க்கவில்லை. எடுத்துத் துடைத்து வைத்திருந்தால் கதை முடிந்தது.

அவர் அதை எடுத்துத் தனியாக வைத்தார். கடைக்காரரைக் கூப்பிட்டு, இது என் கையிலிருந்து விழுந்துவிட்டது, உள்ளே பீங்கான் கண்ணுக்குத் தெரியாமல் விரிந்திருக்கலாம், வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், நானே எடுத்துக்கொள்கிறேன் என்றார். கடைக்காரர் சிரித்துவிட்டு, பரவாயில்லை, வையுங்கள் என்றார். இவர் கேட்கவில்லை. அதை வாங்கி, வெளியே வந்து, கல்லில் ஓங்கித் தட்டி உடைத்துக் குப்பையில் போட்டார். எனக்கு வாங்கிய பிளக்கை அன்று சாயங்காலமே கார்புரேட்டரைக் கழுவி மாட்டிக் கொடுத்தார். மூன்றாவது உதையில் ஸ்கூட்டி கிளம்பியது.

இவ்வளவு பார்க்கிறவர் எப்படி ஏமாந்தார் என்று பிறகு பலரும் கேட்டார்கள். விஸ்வகர்மா பூஜையால்தான். செப்டம்பரில் அந்த ஊரில் அது வண்டிக்காரர்களின் தீபாவளி. ஆட்டோவையும் லாரியையும் கழுவி, சாமந்தி மாலை போட்டு, பந்தல் கட்டிச் சாமி வைப்பார்கள். வானம் முழுக்கப் பட்டம் பறக்கும். பூஜைக்கு முன்னால் வண்டிக்கு ஏதாவது ஒரு புது சாமான் போட வேண்டும் என்பது அவர் பழக்கம். அவர் எப்போதும் அதற்குப் புது பிளக் போடுவார், அது வண்டிக்குப் புது வேட்டி எடுத்துக் கொடுத்த மாதிரி என்பார். அந்த வருடம் பூஜைக்கு முந்தின நாள்தான் அவருக்கு நேரம் கிடைத்தது. வழக்கமான கடை பூட்டியிருந்தது. வேறொரு கடையில் கூட்டம் முண்டியடித்தது. அவர் பெட்டியைப் பார்த்தார், நம்பரைப் பார்த்தார், வாங்கி வந்து மாட்டிவிட்டார். மறுநாள் பூஜை முடிந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு பெட்டி இனிப்பும் கொடுத்தார்.

இரண்டு வாரம் கழித்து, துர்கா பூஜை விடுமுறைக்கு முந்தின வாரம், வண்டி இரண்டாவது கியரில் லேசாகக் குலுங்குகிறது என்று, இன்ஜினுக்கு மேலிருக்கும் முன்சீட்டைத் தூக்கிப் பிளக்கைக் கழற்றிப் பார்த்திருக்கிறார். ஒரு பிளக்கின் வெள்ளைப் பீங்கான் கையால் திருகினாலே சுற்றியது. மேலே அடித்திருந்த நம்பர் நகத்தால் சுரண்டினால் உரிந்து வந்தது. மூன்றுமே போலி.

அன்றே நல்ல கடையில் வாங்கி மாற்றிவிட்டார். வண்டி சரியாகிவிட்டது. அதோடு விட்டிருந்தால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. மறுநாள் காலை செய்தித்தாளில் அந்த மூன்றும் விரிந்தன. அன்று எங்கள் டேங்குக்குக் கீழே நான்கைந்து அம்மாக்கள் சேர்ந்து நின்றோம், விடுமுறைக்கு முன்னால் பள்ளியில் ஏதோ நிகழ்ச்சி. பதினாலு நாள் உங்கள் பிள்ளைகளைப் போலிப் பிளக்கில் ஓட்டிவிட்டேன், என் தப்பு, அவசரத்தில் சரியாகப் பார்க்கவில்லை என்று அவர் வங்காளத்தில் சொன்னார்.

அவர் வேன் கேஸில் ஓடுவது. போலி, பொறி, கேஸ் என்ற மூன்று சொல்லும் ஒரே வாக்கியத்தில் வந்தால் பெற்ற வயிறு என்ன செய்யும்? என் பக்கத்து பிளாக் மௌஷுமி, அபியோடு படிக்கும் பையனின் அம்மா, நேராகக் கேட்டாள், தீப்பிடித்திருக்குமா என்று. எந்த மனிதனும் அதற்கு இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்லியிருப்பான். உண்மையும் ஏறக்குறைய அதுதான். இவர் கொஞ்சம் யோசித்தார். யோசித்ததுதான் வினை. பிடிக்கவே பிடிக்காது என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் பிளக்கால் அப்படிப் பிடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை, நடுவழியில் வண்டி நின்றிருக்கும், அவ்வளவுதான் நடந்திருக்கும் என்றார்.

முதல் பாதியோடு எல்லோருக்கும் காது அடைத்துவிட்டது. அன்று ராத்திரி வாட்ஸப் குழுவில் அந்த வேன் ஒரு வெடிகுண்டாகவே ஆகிவிட்டது. அம்மாவிடம் ஃபோனில் இந்தக் கதையைச் சொன்னேன். அப்பாவின் நோயை மறந்து ஒரு நிமிடம் சிரித்துவிட்டு, நுணலும் தன் வாயால் கெடும் என்றாள்.

பூஜை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது வேனில் எட்டுப் பேருக்கு மூன்று பேர் இருந்தார்கள். மற்றவர்கள் ஒரு புது வேனுக்குப் போய்விட்டார்கள். அதை ஓட்டியவன் இளைஞன், சுருட்டை முடி, உள்ளே பாட்டு, ஜன்னலுக்குத் திரை. யார் எதைக் கேட்டாலும் ‘சிந்தா கோர்பேன் நா’ என்பான், கவலைப்படாதீங்க என்று அர்த்தம். தாமதமாக வந்தாலும் கவலைப்படாதீங்க, மழையானாலும் கவலைப்படாதீங்க. மௌஷுமி என்னிடம் தினமும் சொன்னாள், நீ ஏன் இன்னும் அந்த வண்டியில் அனுப்புகிறாய், இந்தப் பையன் எவ்வளவு தைரியமாகப் பேசுகிறான் பார் என்று.

அபி போய் வந்த மூன்று வருடத்தில் அவர் வேன் ஒருநாள்கூட வழியில் நின்றதில்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் என் மனம் அந்தச் சுருட்டை முடிக்காரன் பக்கம் சாய்ந்தது. பயத்தால் என்று வெளியில் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அசதி. டாக்டர் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றார், மேலதிகாரி ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றார், அண்ணனும் சொன்னான். காலையில் ஒரே ஒரு ஆளாவது என்னைப் பார்த்து ஒன்றும் இல்லை, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல மாட்டானா என்று ஏங்கினேன். பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை என்றிருந்தது.

நான் யோசிப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நவம்பர் கடைசியில் ஒரு சாயங்காலம் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். மஃப்ளரை இழுத்து விட்டுக்கொண்டார்.

“மத்த ரெண்டு வீட்லயும் இந்த மாசத்தோட நிறுத்துறோம்னு சொல்லிட்டாங்க தீதி. இனி அபி மட்டும்தான். அவ இருந்தா அடுத்த வருஷம் புதுப் பிள்ளைங்க சேர்ற வரைக்கும் எப்படியும் ஓட்டிருவேன். நீங்களும் நிறுத்தினா வண்டிய வித்துரணும். அதுக்காக நிறுத்தாம இருக்காதீங்க. இருக்கற நெலமையச் சொன்னேன்.”

வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் கெஞ்சுகிறார், இல்லையென்றால் மிரட்டுகிறார் என்று நினைத்திருப்பேன். இவர் இரண்டும் செய்யவில்லை. டயரில் காற்று குறைவு என்று சொல்கிற அதே குரலில் சொன்னார். ஒரு குடும்பத்தின் சோறு இப்போது என் தலைமேல் வந்து உட்கார்ந்துவிட்டது என்று அவர்மேல் ஆத்திரம்தான் வந்தது. ஏற்கெனவே நான் தூக்கிக்கொண்டிருப்பது போதாதா?

நான்கு நாள் கழித்து அவரிடம் பொய் சொன்னேன். அலுவலகத்தில் என் பக்கத்து மேஜைப் பெண் கார் வாங்கியிருக்கிறாள், அவள் பிள்ளையும் அதே பள்ளிதான், இனி அபியை அவளே ஏற்றிக்கொண்டு போய்விடுவாள் என்றேன். வீட்டிலேயே இரண்டு தடவை சொல்லிப் பார்த்து வைத்திருந்த பொய். அவர் முகத்தைப் பார்க்காமல் அவருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அவர் நல்லது தீதி என்றார். அபி மறந்து வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை சீட்டுக்கு அடியிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தார்.

டிசம்பர் முதல் தேதியிலிருந்து அபி புது வேனில் போனாள். அந்தப் பையனிடம் எட்டாம் நம்பர் டேங்குக்கு வர வேண்டாம், ஒன்பதாம் நம்பருக்கு வா என்றேன். அவர் வீடு கேஷ்டோபூரில், அங்கிருந்து கால்வாயைத் தாண்டி எங்கள் டேங்க் வழியாகத்தான் வருவார், பார்த்துவிட்டால் என்ன செய்வது? ஒன்பதாம் நம்பர் டேங்குக்குப் பத்து நிமிட நடை. பத்து நிமிடம் முன்னால் எழுந்து, குளிரில், முன்னே இருப்பவர் தெரியாத மூடுபனியில், குரங்குக் குல்லாய் போட்ட பிள்ளையையும் அவள் பையையும் இழுத்துக்கொண்டு தினமும் நடந்தேன். ஏன்மா இவ்வளவு தூரம் என்று அபி கேட்டாள். நடந்தால் உடம்புக்கு நல்லது என்றேன். ஒரு பொய் தனியாக இருக்காது, அது குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். அந்த மாதம் முழுக்கத் தூக்கம் போதாமல் அலுவலகத்தில் கண் எரிந்தது.

ஜனவரியில் ஒருநாள் ஒன்பதாம் நம்பர் டேங்க் அருகே ஒரு டோட்டோ வந்து நின்றது. பேட்டரியில் ஓடுகிற மூன்று சக்கர ரிக்‌ஷாவை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். பின்னால் இருந்த இரண்டு பேர் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஓட்டி வந்தவர் மஃப்ளரை இறக்கினார். அபி என் கையை உதறிவிட்டு காக்கு என்று ஓடினாள்.

அவர் அபியின் குல்லாயைச் சரிசெய்து விட்டார். வேனை விற்றுவிட்டதாகவும், வேறொருவருடைய டோட்டோவை வாடகைக்கு எடுத்து ஓட்டுவதாகவும் அவராகவே சொன்னார். இதில் பிளக்கே கிடையாது தீதி, எதைக் கழற்றி யாரிடம் காட்டுவது என்றும் சொன்னார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். நான் வாயைத் திறந்து, அந்தப் பெண் இன்றைக்கு லீவு, கார் வரவில்லை, அதனால்தான் இங்கே என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்த பொய்யை முடிப்பதற்குள் மூடுபனியிலிருந்து புது வேன் வந்து நின்றது. சுருட்டை முடி தலையை நீட்டி, நேற்று மாதிரி இன்றைக்கும் ஐந்து நிமிடம் லேட், நாளையிலிருந்து சரியாக வந்துவிடுவேன், சிந்தா கோர்பேன் நா என்றது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. நேராக வேனிடம் போனார். ஓடிக்கொண்டிருந்த இன்ஜினை முன்சீட்டுப் பக்கம் காது வைத்துக் கேட்டார். நான்கு டயரையும் காலால் தட்டிப் பார்த்தார். பக்கக் கதவை இழுத்துத் திறந்து, மூடி, மறுபடி இழுத்துப் பார்த்தார். அந்தப் பையன் யார் இந்த ஆள் என்று முழித்தான். ஏதாவது கோளாறு சொல்லிவிட மாட்டாரா என்று நான் வேண்டிக்கொண்டு நின்றேன். சொன்னால் எனக்கு ஒரு தண்டனையாவது கிடைக்கும். அபியை அவரே தூக்கி உள்ளே உட்கார வைத்தார். வேன் போனது.

“வண்டி நல்லா இருக்கு தீதி. என் வண்டியவிட நல்லா இருக்கு. பையனும் பதமாத்தான் ஓட்டுறான். பயப்படாதீங்க.”

டோட்டோவில் ஒரு கிழவர் ஏறி உட்கார்ந்து, போகலாமா என்று கேட்டார். இவர் அவரிடம் ஒரு நிமிஷம் என்று கை காட்டினார்.

“கார்னு நீங்க சொன்னப்பவே எனக்குத் தெரியும். கோவம் வந்துச்சு, இப்பவும் இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு தெரிஞ்ச மாதிரி காட்டிக்கல. அது என் தப்பு. அன்னிக்கே சொல்லியிருந்தா, நீங்க பிள்ளயக் கூட்டிக்கிட்டு இந்தக் குளிர்ல தெனம் இவ்ளோ தூரம் நடந்திருக்க வேண்டியதில்ல.”

மன்னித்துவிடுங்கள் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அசதியால், பயத்தால், என் சுயநலத்தால் என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவரைவிட அதைக் கேட்கத் தகுந்த காது அந்த ஊரில் இல்லை. நான் சரிண்ணா என்றேன். அவர் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு கிழவரை ஏற்றிக்கொண்டு போனார். இரண்டு வருடம் கழித்து மாற்றலாகி வரும்வரை அவரை மறுபடி பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து வேன் எட்டாம் நம்பர் டேங்குக்கே வந்தது. காலையில் பத்து நிமிடம் கூடுதலாகத் தூங்கலாம். ஒருநாளும் தூங்கவில்லை.